விண்டோஸ் எழவில்லையா? பென்டிரைவை வைத்து லேப்டாப்பைக் கிளப்பலாம்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, சுற்றிக்கொண்டே இருக்கின்றன. "கடையில குடுத்தேன்டா தம்பி. ஃபார்மட் பண்ணணும், உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்னுட்டாங்க. பாப்பா போட்டோ பூரா அதுலதான் இருக்கு."

விண்டோஸ் எழவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாமாவின் ஆபீஸ் லேப்டாப்பை ஒரு மணி நேரம் கடன் வாங்கி, ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏற்றி, அதை வைத்து அக்காவின் லேப்டாப்பைக் கிளப்பினேன். பாப்பாவின் போட்டோக்கள் அன்று சாயங்காலமே வேறு டிஸ்க்குக்கு வந்துவிட்டன. அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பென்டிரைவில் இருந்து லேப்டாப்பை எழுப்பினாலே உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அழியாது. லினக்ஸ் பென்டிரைவையும் ரேமையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓடும். நீங்களாகச் சொல்லாதவரை ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாது. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு, இரண்டு இருக்கின்றன. வரும்போது சொல்கிறேன்.

தேவையானவை

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டர், ஃபைல்களை எடுத்து வைக்க ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க். லேப்டாப்பில் 4 ஜிபி ரேம் இருந்தால் வசதி. 2 ஜிபியிலும் ஓடும், நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

லினக்ஸ் மின்ட்டின் தளத்தில் மூன்று பதிப்புகள் இருக்கும்: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. பழைய லேப்டாப் என்றால் எக்ஸ்எஃப்சிஇ, மற்றவர்களுக்கு சினமன். முழு சிஸ்டமும் ஒரே ஃபைலாக அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் அன்றைய பாக்கி எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவைத் தயார் செய்தல்

இதற்கு ரூஃபஸ் என்ற சின்ன விண்டோஸ் புரோகிராம் போதும். இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், இறக்கி டபுள் கிளிக் செய்தால் திறந்துவிடும். ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து போட்டால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது, ரூஃபஸ் வழியாகத்தான் எழுத வேண்டும்.

பயப்பட வேண்டிய முதல் இடம் இதுதான். ரூஃபஸ் எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் போய்விடும். இரண்டு வருடம் முன்பு ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பென்டிரைவ்களைச் செருகிவைத்து, அவசரத்தில் நண்பனின் கல்யாண வீடியோ இருந்ததைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்தியவன் நான். இப்போதும் அவன் வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு வரும். ஆகவே தேவையான ஒரே பென்டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்து, கழற்றிவிடுங்கள். அப்புறம்தான் ரூஃபஸைத் திறக்க வேண்டும்.

மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் பென்டிரைவின் பெயரும் அளவும் தெரியும். 'செலக்ட்' பொத்தானை அழுத்தி ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டுங்கள். பக்கத்தில் சரிக்குறி போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஃபைலின் கைரேகை மாதிரியான ஷா-256 எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். டவுன்லோடு பாதியில் கெட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் கடைசியில் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்போம்.

'பார்ட்டிஷன் ஸ்கீம்' என்ற இடத்தில், விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் ஜிபிடி, அதைவிடப் பழையது என்றால் எம்பிஆர். மற்றதெல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும். ஸ்டார்ட் அழுத்தியதும் ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்டால் ஐஎஸ்ஓ மோட். கூடுதல் ஃபைல் இறக்கட்டுமா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். எல்லாம் அழியும் என்று கடைசியாக ஒரு எச்சரிக்கை வரும், அதில் பென்டிரைவின் பெயரை இன்னொரு முறை படித்துவிட்டு ஓகே. என் பழைய பென்டிரைவுக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

லேப்டாப்பைப் பென்டிரைவுக்குத் திருப்புதல்

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், காரணம் ஒரே ஒரு பொத்தான். ஆன் செய்ததும் லேப்டாப் நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். அதற்கு முன், எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவைக் கூப்பிட வேண்டும். டெல், லெனோவா, ஏசரில் எஃப்12. ஆசஸில் எஸ்கேப். எச்பியில் எஸ்கேப் அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் எஃப்9. எம்எஸ்ஐயில் எஃப்11. லெனோவா ஐடியாபேட் சிலவற்றில் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போது குண்டூசியால் அதைக் குத்தினாலும் மெனு வரும்.

ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் எஃப்2 வழியாக பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய், 'எஃப்12 பூட் மெனு' என்ற வரி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல ஏசர்களில் அப்படித்தான் வருகிறது.

அழுத்துகிற விதமும் முக்கியம். லோகோ வந்த பிறகு பொத்தானைத் தேடினால் நேரம் போய்விட்டது. பென்டிரைவைச் செருகி, ஒரு விரலை எஃப்12 மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பவரை அழுத்துங்கள். அழுத்திய கையோடு எஃப்12-ஐ டக் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள், சில லேப்டாப்கள் பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து பீப் அடிக்கும். வெளிச்சம், சத்தம் கூட்டும் பொத்தான்களும் எஃப் வரிசையிலேயே இருந்தால், எஃப்என்னைச் சேர்த்து ஒரு முறை முயன்று பாருங்கள்.

விண்டோஸ் எழுகிற லேப்டாப்பில், சும்மா லினக்ஸை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு, இந்தத் தட்டல் வேலையே வேண்டாம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் அழுத்துங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். சாதாரணமாக ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகப் பாதி தூக்கத்தில் இருக்கும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பது அதுதான். ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுசாக அணைந்து எழும்.

பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதை எடுங்கள். பெயரே இல்லையா? வேறு போர்ட்டில் செருகுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ரூஃபஸில் ஜிபிடி, எம்பிஆரை மாற்றித் திரும்ப எழுதிப் பாருங்கள்.

செக்யூர் பூட்டை அணைக்கலாமா?

நம்பகமான சிஸ்டத்தை மட்டும் எழவிடும் பயாஸ் காவல்தான் செக்யூர் பூட். யூடியூபில் பாதிப் பேர் எடுத்ததும் அதை அணைக்கச் சொல்கிறார்கள். பயப்பட வேண்டிய இரண்டாவது இடம் இது. மின்ட், உபுண்டு போன்றவை செக்யூர் பூட் இருக்கும்போதே எழும், பெரும்பாலும் அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. பிட்லாக்கர் (டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு உள்ள லேப்டாப்பில் செக்யூர் பூட்டை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு உட்கார்ந்துவிடும். இந்த பிட்லாக்கர் பூட்டு நீங்கள் போடாமலேயேகூட இருக்கலாம், புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் அதுவாகவே விழுந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்த பிறகுதான் பயாஸில் கைவைக்க வேண்டும்.

உள்ளே போன பிறகு

கருப்புத் திரையில் ஒரு மெனு வரும். முதல் வரியில் என்டர். திரை சிதறினாலோ அப்படியே நின்றாலோ, திரும்ப வந்து 'கம்பேட்டிபிலிட்டி மோட்' வரியை எடுங்கள். ஓரிரு நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிடும். யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டால் மின்ட் என்ற பெயர், பாஸ்வேர்டு காலி.

டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு ஐகான் பளிச்சென்று இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கில் எழுதுகிற வேலை அதற்குள்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஃபைல் மேனேஜர். இடது பக்கம் ஹார்ட் டிஸ்க் அதன் அளவோடு தெரியும். திறந்து, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயருக்குப் போனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இப்போது செருகி, இழுத்து விடுங்கள்.

பிட்லாக்கர் இருந்தால் திறக்கும்போதே பாஸ்வேர்டு கேட்கும். அந்த 48 இலக்க எண்ணை நடுவில் வரும் கோடுகளோடு அப்படியே அடிக்க வேண்டும். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் அணைந்திருந்தால் டிஸ்க் படிக்க மட்டும் திறக்கும், அதில் எதையும் எழுத விடாது. காப்பி எடுக்க நமக்கு அது போதும்.

டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, காப்பி ஒரே ஃபைலில் நிமிடக்கணக்கில் நின்றாலோ, அங்கேயே நிறுத்தி லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். சாகிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மிச்சம் இருப்பதும் போகும். அதற்கென்று டேட்டா மீட்பவர்கள் இருக்கிறார்கள், காசு கூடத்தான் ஆகும். அக்காவின் டிஸ்க்குக்கு அந்தக் கதி வரவில்லை. 41 ஜிபி போட்டோவும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

முடித்த பிறகு

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்து எடுத்துவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். பென்டிரைவைக் கழற்றி என்டர் அழுத்தச் சொல்லி ஒரு வரி வரும், சொன்னபடி செய்யுங்கள். லினக்ஸுக்குள் நீங்கள் மாற்றிய வால்பேப்பர், போட்ட வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அதோடு காணாமல் போகும்.

பென்டிரைவைப் பழையபடி ஆக்க ரூஃபஸில் 'பூட் செலக்ஷன்' என்ற இடத்தில் 'நான் பூட்டபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் போதும். நான் என்னுடையதை அழிக்கவில்லை. மேலே சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்து லேப்டாப் பைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். புள்ளி வைத்தது அக்கா.