"புரிந்ததா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்கிறோம். "புரிந்தது டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. மறுவாரம் அதே பாடத்தில் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே புரிந்ததுபோலத்தான் இருந்தது. அந்த உணர்வை நம்பி அடுத்த பாடத்துக்குப் போவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தார்கள். வேறு சிலர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அப்புறம் பார்க்காமல் மூன்று சுற்று நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் போனதும் எழுதியவர்களுக்கு 61, படித்தவர்களுக்கு வெறும் 40.

அதனால் "இன்னொரு தடவை வாசி" என்பதற்குப் பதில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கை நடத்திய மறுநாள், இலைக்குள் எது போகிறது, எது வெளியே வருகிறது என்று வெறும் தாளில் வரையட்டும். ஐந்து நிமிடம் போதும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார்கள். சரியான விடையை உடனே சொல்லியும் விடுங்கள். இல்லாவிட்டால் தப்பாக எழுதியதே மனதில் தங்கிவிடும்.

கணக்கில் வேறொரு சிக்கல். உருளைக்குப் பத்துக் கணக்கு, பிறகு கூம்புக்குப் பத்து என்று கொடுத்தால், எந்தச் சூத்திரம் என்று பிள்ளை யோசிக்கவே வேண்டாம். பயிற்சியின் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்திய பிறகு கணக்குகளைக் கலந்து கொடுங்கள். முதலில் நிறையத் தப்பும். அதைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

"இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளைப் பிரிப்பதையும் விட்டுவிடலாம். அப்படிப் பிரித்து நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்லிவிடும் அவசரம். ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது சுமார் ஒரு நொடிதான் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.