பழைய 45 தட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது கெடுத்துவிடாதீர்கள்

புதிதாக டர்ன்டேபிள் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்யும் தவறுகள் மட்டும் மாறுவதே இல்லை. அம்மாவின் பெட்டியிலிருந்து இருபது தட்டுகள் வெளியே வரும். பெரும்பாலும் 1970க்கும் 1974க்கும் இடைப்பட்ட படப் பாட்டுகள், 7 அங்குல 45 (நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சிறிய தட்டு). ஒரே வாரத்தில் எல்லாம் கணினிக்குப் போகும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். "இனித் தட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்ற பேச்சும் வந்துவிடும். கொடுக்காதீர்கள். முதல் சுற்றில் ஏற்றிய கோப்புகளில் பாதியை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

தட்டை விளிம்பில் பிடிப்பது, ஊசியைத் துடைப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடலாம்.

ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது

45ம் எல்பியும் (33⅓ சுற்றுப் பெரிய தட்டு) வினைல். அவற்றுக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு அரக்கு. இந்தியாவில் அறுபதுகளின் பிற்பகுதி வரைகூட 78 அச்சடித்தார்கள் என்பதால், ஒரே பெட்டியில் இரண்டும் கலந்து கிடக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போன்ற ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். ஒரு தடவை துடைத்தாலே துணியில் கருப்பு ஏறும், பாட்டு போய்விடும். 78ஐ அடையாளம் காண்பது சுலபம்: பெரும்பாலும் 10 அங்குலம், கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் பீங்கான் போல உடையும்.

வினைலுக்கு 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீர், 100 முதல் 200 மில்லி ஐசோபுரோபைல், வாசனை சேர்க்காத பாத்திர சோப்பு மூன்று நான்கு சொட்டு. மெல்லிய தூரிகையைக் கோடு ஓடும் திசையிலேயே ஓட்டவும், குறுக்கே வேண்டாம். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்தவும். இந்த இரண்டாவது அலசலைத் தவிர்ப்பவர்களின் தட்டில்தான் சோப்பு காய்ந்து, ஊசி நுனியில் சாம்பல் நிறப் பசையாகச் சேரும். நடுவிலுள்ள லேபிளில் நீர் படக்கூடாது.

நம் மலேசிய ஈரத்தில் பூஞ்சணம் இல்லாத தட்டு அபூர்வம். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, அப்புறம் கழுவுங்கள். கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையிலேயே திரும்பச் செருகினால் மூன்றே மாதத்தில் மீண்டும் பூக்கும். உள்ளுறையை மாற்றுங்கள், வெளியுறையை வைத்துக்கொள்ளுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் அது தட்டோடு ஒட்டி மங்கல் படியும், அந்த மங்கல் கழுவினாலும் போகாது.

சூட்கேஸ் பிளேயர்

வேண்டாம். அதிலுள்ள செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டும் தலைப்பகுதி) 5, 6 கிராம் எடையில் தட்டை உழும். ஒரு ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். அதே உடலில் 78க்கான ஊசியையும் மாட்டிக்கொள்ளலாம். அதற்கு மட்டும் 5 கிராம் வேண்டும். 45க்கான ஊசியால் 78ஐ ஓட்டினால் ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும்.

வேகம்

இதுதான் இன்னமும் எரிச்சலைக் கிளப்புவது. கீறல் விழுந்த தட்டைப் பார்த்தால் கீறல் என்று தெரியும். வேகம் தவறிய கோப்பு கேட்க நன்றாகவே இருக்கும், பாட்டும் தெளிவாகவே இருக்கும். முந்நூறு பாட்டை ஏற்றி முடித்து, மேடையில் யாரோ கூடவே பாடிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதல் குற்றவாளி ஜப்பானிலிருந்து வரும் பழைய டர்ன்டேபிள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய சாமான் கடைகளில் பார்க்க அழகாக இருக்கும், விலையும் இழுக்கும். அது 100 வோல்ட் கருவி. நேராக நம் சுவரில் செருகினால் புகை வரும். சரி என்று ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டுகிறார்கள், தட்டு சுற்றுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் (மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கு) தொடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஜப்பானின் மேற்குப் பாதியில் 60, கிழக்குப் பாதியில் 50. ஏசி மோட்டார் கருவியில் 60 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார் முனையில் பெல்ட்டை இழுக்கும் சிறு சக்கரம்) மாட்டியிருந்தால் இங்கே அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்: 45க்குப் பதில் 37.5 சுற்று. 3 நிமிடம் 20 விநாடி பாட்டு 4 நிமிடம் ஆகிவிடும். 5 கட்டையில் இருந்த பாட்டு 3 கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். டி.எம்.எஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், ஆனால் "பழைய தட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

இதைச் சாஃப்ட்வேரில் திருத்தலாமே என்று கேட்பார்கள். கணக்குப்படி 1.2 மடங்கு வேகம் கூட்டினால் போதும்தான். ஆனால் பிரீஆம்ப் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் கருவி) கீழ்ச்சத்தத்தைக் கூட்டி மேல்சத்தத்தைக் குறைத்துப் போடும் ஈக்வலைசேஷன் சரியான வேகத்துக்கென்று வகுத்தது; தவறான வேகத்தில் வாசித்துப் பிறகு வேகத்தைக் கூட்டினால் அந்த அளவுகள் குலைந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் புல்லியைத் தேடி மாட்டுங்கள். அது சற்றுப் பருமனாக இருக்கும். சில கருவிகளில் ஒரே புல்லியில் இரண்டு படிகள் இருக்கும், பெல்ட்டை இடம் மாற்றினால் போதும். டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதைவிட மோசமான இன்னொரு கூத்து உண்டு. கட்டை இறங்கியதைக் கண்டுபிடித்து, சாஃப்ட்வேரில் சுருதியை மட்டும் ஏற்றுகிறார்கள், வேகத்தை விட்டுவிடுகிறார்கள். குரல் சரியான கட்டையில் இருக்கும், தபேலா மட்டும் சாவு ஊர்வலம் போல நடக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த சாஃப்ட்வேரில் "சேஞ்ச் பிட்ச்", "சேஞ்ச் டெம்போ" இரண்டையும் தொடாதீர்கள். தட்டுக்கு வேண்டியது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் "சேஞ்ச் ஸ்பீட்" (புதிய பதிப்புகளில் "சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்") மட்டுமே.

இரண்டாவது குற்றவாளி அதிகம் ஏமாற்றுவது. டர்ன்டேபிள் சரியாகவே ஓடும். ஆனால் உரைகல்லாக எடுத்துக்கொள்வது விசிடியை, அல்லது டிவியிலிருந்து பிடித்த வீடியோவை. "தட்டு கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே" என்று தட்டை வீடியோவோடு பொருத்துகிறார்கள். மெதுவாக இருப்பது தட்டு அல்ல, வேகமாக இருப்பது வீடியோ. திரையரங்கில் படம் விநாடிக்கு 24 சட்டம். நம் நாட்டு டிவியும் பால் (PAL) முறை விசிடியும் 25 சட்டம். 24ஐ 25ஆக ஓட்டும்போது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வேகம் கூடும். 3 நிமிடம் 20 விநாடி பாட்டு 3 நிமிடம் 12 விநாடி ஆகும். சுருதி அரைக் கட்டை ஏறினாலாவது பரவாயில்லை, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தடவை அழுத்திச் சமாளிக்கலாம். இது அரைக் கட்டையில் பத்தில் ஏழு பங்குதான் ஏறும், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கும். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு திருமண விருந்துக்கு ஒத்திகை பார்க்கும் குழு இப்படி "திருத்திய" கோப்பைக் கேட்டுப் பயிற்சி எடுத்தால், கீபோர்டுக்காரர் டியூனிங்கைத் திருகித் தப்பித்துக்கொள்வார். புல்லாங்குழல்காரர் என்ன செய்வார்? பாடுகிறவரைத்தான் எல்லாரும் முறைப்பார்கள்.

குழப்பம் இன்னும் உண்டு: எல்லா டிஸ்க்கும் இப்படி அல்ல. என்டிஎஸ்சி (அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த டிவி முறை) முறையில் வெளியான டிவிடிகளில் இந்த ஏற்றம் இல்லை. ஆக, ஒரே பாட்டு இரண்டு டிஸ்க்கில் இரண்டு சுருதியில் இருக்கலாம். இணையத்தில் கிடப்பது எதிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டின் நீளமும் ஒத்துப்போகாது, 45இன் ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டு அடக்குவதற்காகச் சரணத்தையோ இடையிசையையோ வெட்டியிருப்பார்கள்.

அதனால் வேறு எதனோடும் ஒப்பிடாமல் கருவியை மட்டும் அளந்து பாருங்கள். தட்டின் லேபிள் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒட்டி, ஊசியைத் தட்டின் மேல் வைத்தபடியே (ஊசியின் இழுவையும் கணக்கில் சேர வேண்டும்) கைப்பேசியில் வீடியோ எடுங்கள். 45 சுற்றுக்குச் சரியாக 60 விநாடி ஆக வேண்டும். 59.5 ஆனால் 0.8 விழுக்காடு வேகம் அதிகம்; தேர்ந்த காதுக்கு அதுவே உறுத்தும். ஸ்ட்ரோப் தாள் (வேகம் சரியாக இருந்தால் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும் வட்டத் தாள்) வைத்துப் பார்ப்பதானால் 50 ஹெர்ட்ஸுக்கு அச்சடித்ததா என்று பாருங்கள். 33⅓க்கு 180 கோடுகள் இருந்தால் அது நமக்கானது. எல்இடி விளக்கில் பல நேரம் கோடு நிற்காது, பழைய குண்டு பல்பு வேண்டும்.

அளந்து சரிசெய்த பிறகும் பாட்டு 440 ஹெர்ட்ஸுக்கு (கீபோர்டுகளின் பொதுச் சுருதி அளவு) ஒத்துவரவில்லை என்றால் அப்படியே விடுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்து டேப் அன்று எப்படி ஓடியதோ, ஆர்மோனியம் அன்று எந்தச் சுருதியில் இருந்ததோ, அதுவும் அந்தப் பதிவின் பகுதி. கீபோர்டுக்கு வசதியாக வேண்டுமென்றால் ஒரு நகல் எடுத்து அதை மாற்றுங்கள்.

இரண்டு பிரீஆம்ப்

டர்ன்டேபிளுக்குள் பிரீஆம்ப் இருந்தால் ஆம்பின் போனோ துளையில் செருகாதீர்கள். பாஸ் மட்டும் முழங்கும், குரல் உடையும்.

இரைச்சலைச் சுத்தமாகத் துடைப்பது

மோனோ தட்டை முதலில் மோனோவாக்குங்கள். அந்தக் காலப் படப் பாட்டு 45கள் பெரும்பாலும் மோனோ (ஒரே சேனல்). ஸ்டீரியோ ஊசியில் இரண்டு சேனலாகப் பதிந்து, பிறகு இரண்டையும் கூட்டினால், பள்ளத்தின் மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி இரைச்சல் போகும். இதைச் செய்யாமல் நேரே நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஆடாசிட்டியில் அதன் அளவை 12 டெசிபெல் வைத்துத் துடைப்பவர்கள் உண்டு. அந்தக் கால மெல்லிசைக்கு அது மிக அதிகம். பி.சுசீலா ஒரு சொல்லை முடித்து மூச்சு வாங்கும் இடம், மராக்காஸின் சலசலப்பு, வயலின் கூட்டத்தின் மேல் நுனி எல்லாம் இரைச்சல் இருக்கும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன. 12இல் துடைத்தால் தண்ணீருக்குள் நின்று பாடுவது போல ஆகும். 6க்கு மேல் போகாதீர்கள். டிக் டிக் சத்தத்தைக் கையால், ஒவ்வொன்றாக, அலையைப் பெரிதாக்கிப் பார்த்து நீக்குங்கள். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

எம்பி3யில் நேராகப் பதிவது

கூடாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் அல்லது ஃப்ளாக் (ஒலியில் எதையும் இழக்காத கோப்பு வகைகள்). உச்சம் -6 டெசிபெல்லைத் தாண்டாமல். வேவில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்பி. நான்கு பாட்டுள்ள ஒரு தட்டு அரை ஜிபிக்குள் அடங்கும். துடைக்காத மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

பெயரும் ஆண்டும்

எழுபதுகள் என்றாலே இளையராஜா என்று கோப்புறைக்குப் பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவருடைய முதல் படம் அன்னக்கிளி வந்ததே 1976இல். இன்னொரு பக்கம், அதற்கு முந்தைய எல்லாவற்றையும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி கணக்கில் எழுதுவார்கள். அந்த இருவரும் 1965இலேயே பிரிந்துவிட்டார்கள். சிவாஜியின் வசந்த மாளிகை (1972) கே.வி.மகாதேவன். அரங்கேற்றம் (1973) வி.குமார். அதே ஆண்டு வந்த உலகம் சுற்றும் வாலிபன் எம்.எஸ்.விஸ்வநாதன். இணையத்தில் பார்த்து எழுதாமல் லேபிளைப் பார்த்து எழுதுங்கள்.

லேபிளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில் பளபளப்பான வெற்றுப் பகுதி இருக்கிறதே, அங்கே கீறிய அல்லது பொறித்த எண்ணையும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். ஒரே பாட்டின் இரண்டு அச்சுகளை வேறுபடுத்திக் காட்டுவது அந்த எண்தான்.

உறையை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் விடாதீர்கள். மூலையில் மங்கலாக ஒரு ரப்பர் முத்திரை இருக்கலாம்: கடைப் பெயர், தெருப் பெயர், ஐந்து இலக்கத் தொலைபேசி எண். அதை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் பலர் ஸ்கேனரில் வைக்கிறார்கள்.