பக்தியைக் கூட்டிக்கொண்டே போவதில் நேரும் தவறுகள்

கத்தோலிக்க நம்பிக்கையில் இன்னும் ஆழமாக வேரூன்ற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஏற்கெனவே செய்துவருவதோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான். ஒரு நவநாள் (ஒன்பது நாள் செபம்) முடிந்ததும் இன்னொரு நவநாள், காலையில் ஒரு மன்றாட்டுமாலை, இரவில் மூன்று செபமாலை என்று பட்டியல் நீள்கிறது. சில வாரங்களில் சோர்வு வந்ததும் பட்டியல் முழுவதும் கைவிடப்பட்டு, குற்ற உணர்வு மட்டும் மிஞ்சுகிறது. திருப்பலி, ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), திருவழிபாட்டு ஆண்டு என்று திருச்சபை நம் கையில் முன்பே கொடுத்திருப்பவற்றுள் நிலைத்திருக்காமல், அவற்றுக்கு வெளியே எதையாவது தேடிக்கொண்டிருப்பதே பின்வரும் தவறுகளில் பலவற்றுக்கும் வேர்.

செபத்தில் முதலில் தவறிப்போவது அளவுகோல். மனம் உருகினால் நல்ல செபம், வறண்டிருந்தால் வீணான செபம் என்று கணக்கிடத் தொடங்குகிறோம். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட அவிலா நகரின் புனித தெரேசாவே, செபத்திற்கென ஒதுக்கிய மணி நேரம் எப்போது முடியும் என்று கடிகாரத்தின் மணியோசைக்குக் காதுகொடுத்துக் காத்திருந்த காலம் தமக்கும் இருந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் அவர் எழுந்து போய்விடவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அதுபோலவே, கடவுள்முன் மரியாதையான சொற்களை மட்டுமே பேச வேண்டும் என்று நினைத்து, கோபத்தையும் துயரத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு வருவதும் தவறு. 150 திருப்பாடல்களில் புலம்பல்கள் ஏராளம். 88ஆம் திருப்பாடல் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை தன் அன்றாடச் செபத்தில் வைத்திருக்கிறது.

செபமாலையைப் பொறுத்தவரை, தவறு வேகத்தில் தொடங்குகிறது. ஐம்பத்து மூன்று மணிகளை எத்தனை நிமிடத்தில் கடக்கிறோம் என்பது பொருட்டல்ல. தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் போன்றது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எச்சரித்தார். 2002இல், செபமாலையில் தியானிக்கும் நிகழ்வுகளான மறைபொருள்களோடு ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஒவ்வொரு மறைபொருளையும் அறிவித்தபின் அதற்குரிய விவிலியப் பகுதியை வாசித்துச் சற்று மௌனமாக இருக்கும்படி பரிந்துரைத்தார். நேரம் போதவில்லை என்றால் ஐந்து மறைபொருள்களை அவசரமாக உருட்டுவதைவிட ஒன்றை நிதானமாகச் சொல்வது மேல் என்பது என் கருத்து. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: 'இந்தச் செபத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை நேரும்' என்று கைப்பேசியில் வரும் செய்திகளுக்கும் கத்தோலிக்க நம்பிக்கைக்கும் தொடர்பே இல்லை. உள்ளத்தின் மனநிலையை விட்டுவிட்டு, வெளிச்செயலிலேயே பலன் இருப்பதாக நம்புவதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் மூடநம்பிக்கை என்றே வகைப்படுத்துகிறது. அனுப்பியவர் யாராக இருந்தாலும் தயங்காமல் அழித்துவிடலாம்.

கடவுளின் அருளைத் தரும் திருச்சடங்குகளான அருளடையாளங்களுள் ஒப்புரவில்தான் தவறுகள் மிகுதி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது ஒரு கீழெல்லை. அதையே இலக்காக எடுத்துக்கொண்டவர்கள், பதினொரு மாதங்களின் சுமையை ஐந்து நிமிடத்தில் நினைவுகூரத் திணறுகிறார்கள். சிலர் ஆன்ம சோதனையே செய்யாமல் வரிசையில் நின்றபடி யோசிக்கிறார்கள். சிலர் கணவன், மாமியார், மேலதிகாரி ஆகியோரின் பாவங்களை விரிவாகச் சொல்லிவிட்டுத் தம்முடையதை ஒரு வரியில் முடிக்கிறார்கள். 'எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன்' என்ற பொதுவான வாக்கியமும் போதாது; சாவான பாவங்களை, அதாவது அறிந்தே மனமுவந்து செய்த கனமான பாவங்களை, அவற்றின் வகையோடும், நினைவுக்கு எட்டியவரை எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏதோ ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டோம் என்ற கலக்கத்தில் மீண்டும் மீண்டும் ஓடி வருகிறவர்கள், உண்மையாகவே மறந்துபோன பாவமும் மற்றவற்றோடு மன்னிக்கப்பட்டுவிட்டது என்பதையும், நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மறந்ததும் மறைத்ததும் ஒன்றல்ல. வேண்டுமென்றே சாவான பாவத்தை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது.

திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாக வாங்கும் நற்கருணையைப் பற்றிய குழப்பமும் இதை ஒட்டியே வருகிறது. சிறு குறை ஒன்றை எண்ணி மாதக்கணக்கில் ஒதுங்கி நிற்பவரும் உண்டு. எதையும் எண்ணாமல், எல்லாரும் எழுந்தார்கள் என்பதற்காகத் தாமும் எழுந்து வரிசையில் செல்பவரும் உண்டு. அருள்நிலையும் (சாவான பாவம் இல்லாத நிலை) நேரிய நோக்கமும் இருந்தால் நாள்தோறும்கூட நற்கருணை வாங்கலாம் என்று திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் காலத்தில், 1905இல், வெளியான ஆணை தெளிவுபடுத்தியது. சாவான பாவத்தை உணர்ந்தவர் முதலில் ஒப்புரவை நாட வேண்டும் என்பதும் மாறவில்லை. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உண்ணாநோன்பைத் திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து கணக்கிடுவது சிறு தவறு. அது நற்கருணை வாங்கும் நேரத்திற்கு முந்தைய ஒரு மணி நேரம். தண்ணீரும் மருந்தும் அதை முறிப்பதில்லை. வாங்கியவுடன் வாசலை நோக்கி நடப்பது சட்டத்தை மீறுவதாகாது என்று வாதிடலாம். ஆனால் வந்த விருந்தினரை வரவேற்பறையில் தனியே விட்டுவிட்டு வெளியே போவதை எந்த வீட்டிலும் மரியாதை என்று சொல்ல மாட்டார்கள்.

நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்குத் தமிழில் முன்பு வழங்கிய பெயர் 'அவஸ்தைப்பூசுதல்'. அந்தப் பெயரின் அச்சம் இன்றும் விலகவில்லை. குருவானவரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லியே, அவர் நினைவிழந்தபின் அழைக்கிறார்கள். இது இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கூறியது. கடுமையான நோய் வந்தபோதும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமைத் தளர்ச்சியிலும் இதைப் பெறலாம். நோய் மோசமானால் மீண்டும் பெறலாம். இறுதிப் பயணத்திற்கு உரியது வழியுணவாக வழங்கப்படும் நற்கருணைதான். நோயாளி தம் வாயால் பாவசங்கீர்த்தனம் செய்து, 'ஆமென்' என்று தாமே பதில் சொல்லும் வாய்ப்பை அன்பின் பெயரால் அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

இனி திருவழிபாட்டு ஆண்டின் காலங்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலத்தில் 'எதை விடப்போகிறீர்கள்' என்ற கேள்வியே பேச்சாகிவிடுகிறது. திருநீற்றுப் புதனிலும் புனித வெள்ளியிலும் 18 வயது நிறைந்தது முதல் 59 வயது நிறையும்வரை ஒருசந்தி, 14 வயது நிறைந்தது முதல் சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) என்பது பொதுச்சட்டம். ஒருசந்தி என்ற சொல்லே ஒருவேளை முழு உணவு என்பதைச் சொல்லிவிடுகிறது. நோயுற்றோர் உடலை வருத்திக்கொண்டு இதைக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் நோன்போடு செபத்தையும் தர்மத்தையும் சேர்த்தே பேசுகிறது. தவிர்த்த உணவின் பணம் பசித்த ஒருவரைச் சென்றடையாவிட்டால், அந்த நோன்பு உடல் இளைக்கும் திட்டமாகவே நின்றுவிடும். நெற்றியில் இடும் சாம்பலும் குருத்தோலையும் தீர்த்தமும் அருளடையாளங்கள் அல்ல, அருளடையாளங்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் அருள்வேண்டல் குறிகள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். சாம்பல் பூசிக்கொள்ள வந்த கூட்டம் அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வராதது எனக்கு எப்போதும் புதிராகவே இருக்கிறது.

தவக்காலத்தை நாற்பது நாள் கருத்தோடு கடைப்பிடித்துவிட்டு, உயிர்ப்புப் பெருவிழாவை ஒரே நாளில் முடித்துவிடுவதும் வேடிக்கைதான். பாஸ்கா காலம் தூய ஆவியாரின் பெருவிழாவரை 50 நாள் நீள்கிறது. நோன்பைவிடக் கொண்டாட்டத்திற்கே திருச்சபை அதிக நாள் ஒதுக்கியிருக்கிறது. கிறிஸ்துமஸிலும் இதே கதை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளையும் முன்கூட்டிய கொண்டாட்டங்கள் விழுங்கிவிட, டிசம்பர் 26இல் களைப்போடு குடிலைக் கலைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை தொடர்கிறது. டிசம்பர் 16 வரையிலான வழிபாடு ஆண்டவரின் இரண்டாம் வருகையையும், 17 முதல் அவரது பிறப்பையும் முன்னிறுத்துகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு வெறும் நாட்கணக்காக இராது.

மீதமுள்ள 33 அல்லது 34 வாரங்களைப் பொதுக்காலம் என்கிறோம். பெயரைக் கேட்டு அதை வெற்றுக்காலம் என்று கடந்துவிடுவதுதான், யாரும் தவறு என்றே எண்ணாத தவறு. மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒரு நற்செய்தியாளர் வீதம், மூன்றாண்டுச் சுழற்சியில் இயேசுவின் போதனைகளையும் செயல்களையும் தொடர்ச்சியாகக் கேட்பது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். சனிக்கிழமை இரவே மறுநாள் நற்செய்தியை ஒருமுறை வாசித்துவிட்டுப் படுக்கிறவர், காலையில் வாசகர் நற்செய்திக்கு முன் வாசிக்கும் முதல் வாசகம் அதோடு எங்கே பொருந்துகிறது என்பதைத் தாமாகவே கண்டுகொள்வார்.