கிளினிக்கும் நிற்க வேண்டும், டாக்டரும் நிற்க வேண்டும்

கடலூர் பக்கம் பொது மருத்துவம் பார்க்க கிளினிக் திறக்கப் போகிறவர்களுக்கும், ஏற்கெனவே திறந்து ராத்திரி பத்து மணி வரை டோக்கன் தீராமல் திணறுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சளி, காய்ச்சல் என்று வருகிறவர் நாலு நாளில் தேறிவிடுவார். சுகரும் பிரஷரும் ஆயுசுக்கும் கூடவே வரும், அதற்குத் தோதாக வேலையைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் நோயாளி பாதியில் மாத்திரையை நிறுத்துவார், டாக்டர் சீக்கிரமே களைத்துப்போவார்.

முதலில் ஒரு தடி நோட்டு வாங்குங்கள். சுகர், பிரஷர் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், போன் நம்பர், கடைசியாகப் பார்த்த அளவு, அடுத்து வர வேண்டிய தேதி. வாரம் ஒருநாள் சிஸ்டர் அதை எடுத்து உட்கார்ந்து, தேதி தாண்டியும் வராதவர்களுக்குப் போன் போட வேண்டும். கிளினிக்கில் இதைவிட முக்கியமான வேலை கிடையாது என்பேன், ஏனென்றால் பக்கவாதம் வந்து விழுகிறவர் பெரும்பாலும் வராமல் போனவர்தான். பிரஷர் பார்ப்பது, எடை போடுவது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்பது எல்லாம் சிஸ்டர் செய்யலாம். பிரஷர் 140/90-க்குக் கீழே வராதவர், புதிதாகத் தொந்தரவு சொல்கிறவர் டாக்டரிடம் வரட்டும். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமும் இப்படித்தான் போகிறது: எல்லோருக்கும் ஒரே சிகிச்சை வரிசை, கையிருப்பு தீராத சில மருந்துகள், வேலையைப் பகிர்ந்துகொள்ளும் குழு.

மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். பலருக்கு 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, அதையும் போட்டு நீங்கள் எழுதியதையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு பங்காகிவிடும். அதனால் வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் ஊரின் காலண்டர். விசைப்படகில் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள். கால், கண், சிறுநீரில் புரதம், மூன்று மாதச் சராசரி சுகர் என்று எல்லாச் சோதனைகளையும் அப்போதே முடித்துவிடுங்கள், மற்ற மாதங்களில் தேவனாம்பட்டினம் மாதிரி மீனவர் ஊரிலிருந்து ஒருவரைப் பகலில் வரவழைப்பது லேசில்லை. அக்டோபர் பிறந்ததும் எல்லோருக்கும் இரண்டு வாரத்துக்குக் கூடுதல் மாத்திரை எழுதிக் கொடுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. கரன்ட் இல்லாத நாட்களில் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் நனையாமல் மூடி வைக்கும் முறையையும், மருந்துச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பதையும் மழைக்கு முன்பே சொல்லித்தர வேண்டும்.

பணம். லேப் கமிஷன் வாங்காதீர்கள், தேவையில்லாத டெஸ்டுக்குக் காசு போனால் அடுத்த மாத மாத்திரைக்குக் காசு இருக்காது. சிஸ்டர் மட்டும் பார்க்கிற நாளுக்குக் கட்டணத்தைக் குறைத்து வையுங்கள், தவறாமல் வருவார்கள், வருமானமும் மாதாமாதம் சீராக இருக்கும். பக்கத்துத் தெரு டாக்டரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நோயாளி உங்களிடம் வந்தால் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரு சீட்டு எழுதி அவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.