குளத்துக்குப் பணம் செலவிடும் முன்: இடரையும் பயனையும் கணக்கிடும் முறை

திருநெல்வேலிச் சீமையில் ஒரு குளத்தைச் சீரமைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தால், எல்லோர் வாயிலும் முதலில் வருவது தூர் வாருவதுதான். மண் அள்ளுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஜேசிபி இறங்கினால் ஊரே வந்து நிற்கும். ஆனால் நம் பக்கத்துக் குளங்கள் பலவற்றில், செலவழிக்கும் பணத்துக்கு மிகக் குறைந்த பயனைத் தரும் வேலையும் அதுவாகவே இருக்கிறது. குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சரிசெய்வது, மிகை நீர் வெளியேறும் மறுகாலை அகலப்படுத்துவது, சாக்கடையைத் திருப்புவது, மண் எடுப்பது ஆகிய நான்கில் எதை முதலில் செய்வது என்பதைச் சத்தமாகப் பேசுகிறவர் தீர்மானிக்காமல் கணக்குத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கை ஒரு பாசன சங்கமோ ஊராட்சியோ தானே போட்டுப் பார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன். இதில் வரும் ரூபாய்த் தொகைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. அந்தந்த ஊர் விலையை அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ள வேண்டும்.

குளம் எந்த வகை

கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் போன்ற தாமிரபரணிக் கால்வாய்களில் இருந்து நீர் பெறும் குளம் ஒரே ஆண்டில் பலமுறை நிரம்பி வடியும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளமோ வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் ஒருமுறை நிரம்பும். கைவிட்டால் அதுவும் இல்லை. ஒரு கன அடிக் கொள்ளளவைக் கூட்டினால், முதல் வகைக் குளம் அதை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பயன்படுத்தும். இரண்டாம் வகைக் குளம் சில ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாது. அம்பாசமுத்திரத்தில் பலன் தந்த வேலையைத் திசையன்விளையில் அப்படியே செய்து ஏமாறுவதற்கு இதுவே காரணம். ஆகவே கடந்த பத்து ஆண்டுகளில் குளம் எத்தனை ஆண்டு மறுகால் பாய்ந்தது, எத்தனை ஆண்டு பாதிகூட நிரம்பவில்லை என்பதை மடை பார்ப்பவரிடமும் மூத்த விவசாயிகளிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம்.

நீர்ப்பரப்பு, ஆயக்கட்டு (குளத்து நீரால் பாசனம் பெறும் நிலம்), கரையின் உயரம், மறுகாலின் நீளம் ஆகியவை அலுவலகப் பதிவேடுகளில் கிடைக்கும். ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள குளங்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். பதிவேட்டில் உள்ள மறுகால் நீளத்தை நேரில் நாடா பிடித்து அளந்து சரிபார்ப்பது நல்லது.

மண்ணின் கணக்கு

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழம் மண் எடுத்தால் 43,560 கன அடி. லாரிக்காரர் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால், இது ஏறத்தாழ 435 யூனிட் ஆகிறது. இவ்வளவு மண்ணை அள்ளியபின் கிடைக்கும் இடத்தில் நிற்கும் நீரின் அளவு ஓர் ஏக்கர் அடி. நெல்லுக்கு நடவு முதல் அறுவடை வரை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர், அதாவது நான்கு அடி நீர் வேண்டும். எனவே ஓர் ஏக்கர் பிசான (வடகிழக்குப் பருவமழைக் காலத்து) நெல்லுக்குத் தேவையான கூடுதல் இடத்தை உண்டாக்கவே சுமார் 1,740 யூனிட் மண்ணை வெளியேற்ற வேண்டும். ஆவியாவதும் கசிவதும் இதில் சேரவில்லை.

ஐம்பது ஏக்கர் நீர்ப்பரப்பும் அறுபது ஏக்கர் ஆயக்கட்டும் உள்ள ஒரு மானாவாரிக் குளத்தை எடுத்துக்கொள்வோம். இருபது ஏக்கரில் ஒரு அடி தூர் வாரினால் 8,712 யூனிட் மண் வரும். யூனிட்டுக்கு 200 ரூபாய் என்றால் செலவு 17.4 லட்சம். கூடுதலாக நிற்கும் 20 ஏக்கர் அடி நீர் ஐந்து ஏக்கர் நெல்லுக்குப் போதும். ஏக்கருக்கு நிகர வருமானம் 20,000 ரூபாய் என்றும், ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டுதான் குளம் நிரம்புகிறது என்றும் கொண்டால், ஆண்டுச் சராசரிப் பயன் 60,000 ரூபாய். பத்து ஆண்டுகளில் வரப்போகும் இந்தத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, எட்டு சதவீத வட்டிக்கு 6.71 என்ற காரணியால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 4 லட்சம். பதினேழரை லட்சம் போட்டு நான்கு லட்சம் எடுக்கும் தொழிலை எந்த வியாபாரியும் தொடமாட்டார்.

அதே குளத்துக்கு நீர் கொண்டுவரும் மூன்று கிலோமீட்டர் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைத்து, இரண்டு இடத்தில் ஆக்கிரமிப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுத்தம் செய்ய 3 லட்சமும், பிறகு ஆண்டுப் பராமரிப்புக்கு 50,000 ரூபாயும் ஆகும். இதனால் குளம் ஐந்து ஆண்டில் மூன்றுக்குப் பதிலாக நான்கு ஆண்டு நிரம்பும் என்றால், அறுபது ஏக்கருக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உறுதி கிடைக்கிறது; அதன் மதிப்பு ஆண்டுக்கு 2.4 லட்சம். பராமரிப்பைக் கழித்து 6.71 ஆல் பெருக்கினால் பன்னிரண்டே முக்கால் லட்சம் வருகிறது. போட்ட முதலுக்கு நான்கு மடங்கு. பராமரிப்புத் தொகையை எழுத மறந்த மதிப்பீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்; கருவேலம் இரண்டு மழையில் மறுபடியும் வளர்ந்துவிடும் என்பதால் அந்த வரி இல்லாத கணக்கு செல்லாது.

தூர் வாருவது எப்போதும் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. விவசாயிகள் உரிய அனுமதி பெற்று வண்டலைத் தம் வயலுக்குத் தாமே ஏற்றிச் சென்றால் செலவு அவர்கள் பங்காகி, உரச் செலவில் மிச்சம் பயனாகச் சேர்ந்து, கணக்கு தலைகீழாக மாறும். ஆனால் கரையின் அடியை ஒட்டித் தோண்டவும் கூடாது; நீரைத் தாங்கி நிற்கும் அடிக்களிமண்ணை உடைக்கவும் கூடாது.

மறுகாலும் வெள்ளமும்

இடர் என்பது மூன்றின் பெருக்கம்: ஆபத்து வரும் வாய்ப்பு, அதன் பாதையில் இருப்பவை, அவை எளிதில் பாதிக்கப்படக்கூடிய அளவு. குளத்தைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து கரை உடைவது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. தொடராக அமைந்த குளங்களில் மேல்குளம் உடைந்தால், அந்த நீர் முழுவதும் அடுத்த குளத்தின் தலையில்தான் விழும். ஆகவே தன் குளத்தை மட்டும் பார்ப்பது போதாது.

குளத்துக்கு எவ்வளவு வெள்ளம் வரும் என்பதற்குச் சென்னை மாகாணக் காலத்திலிருந்து ரைவ்ஸ் சூத்திரம் பயன்பட்டு வருகிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை (கனமூலத்தின் வர்க்கத்தை) கண்டு, கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இருந்தால் 6.8 ஆல் பெருக்க வேண்டும். மலையடிவாரம் என்றால் காரணி 10.2 வரை போகும். எட்டு சதுர கிலோமீட்டருக்கு விடை வினாடிக்கு 27.2 கன மீட்டர், அதாவது 960 கன அடி. இந்தப் பழைய காரணிகளை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கருத்து. அதே பரப்பில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை தொடர்ந்து பெய்து அதில் பாதி ஓடி வந்தாலே, வினாடிக்கு 1,900 கன அடியைத் தாண்டிவிடும். குளம் ஒரு பகுதியைத் தேக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நிரம்பி நிற்கும் கார்த்திகை மாதத்தில் அந்தச் சலுகை அதிகம் கிடைக்காது.

மறுகால் எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பதை அடிக்கணக்கில் எளிதாகக் காணலாம். மறுகாலின் மேல் நீர் பாயும் உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, மறுகாலின் நீளத்தாலும் பிறகு மூன்றாலும் பெருக்கினால் போதும். நூறு அடி நீள மறுகாலில் இரண்டு அடி உயரம் பாய்ந்தால் ஏறத்தாழ 850 கன அடி; மேலே கண்ட 960 கன அடிக்கே இது போதவில்லை. இனி, கூடுதல் நீர் தேங்கட்டும் என்று மறுகாலின் மேல் ஒரு அடிக்கு மண்மூட்டை அடுக்கும் வழக்கத்தைப் பாருங்கள். கரையின் உயரம் மாறாததால் நீர் பாயக் கிடைக்கும் உயரம் ஒரு அடியாகச் சுருங்குகிறது. வெளியேற்றும் திறன் 850 இலிருந்து 300 ஆக விழுகிறது. ஒரு அடி நீருக்கு ஆசைப்பட்டு மறுகாலின் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிடுகிறோம்! தடுப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால் தை பிறந்து மழைப் பருவம் ஓய்ந்தபின் வைக்கலாம். ஐப்பசியில் கூடவே கூடாது.

வெள்ளத்தின் வாய்ப்பைப் பேசும்போது, 25 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஒருமுறை வந்தபின் 25 ஆண்டு நிம்மதி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒவ்வோர் ஆண்டும் நான்கு சதவீத வாய்ப்பு. பத்து ஆண்டில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. கரை உடைந்தால் பயிர், வீடு, கால்நடை, சாலை எல்லாம் சேர்ந்து 60 லட்சம் நட்டம் என்று ஊர் மதிப்பிட்டால், நான்கு சதவீதத்துக்கு ஆண்டு எதிர்பார்ப்பு நட்டம் 2.4 லட்சம். மறுகாலை அகலப்படுத்தி, 100 ஆண்டு வெள்ளத்தைத் தாங்கச் செய்தால் அது 60,000 ஆகக் குறையும். மிச்சமாகும் 1.8 லட்சத்தை 25 ஆண்டுக்கான 10.67 என்ற காரணியால் பெருக்க, 19 லட்சம் வருகிறது. அந்தத் தொகை வரை செலவழிப்பது நியாயம். உயிர்ச்சேதத்தை இந்தத் தொகையில் சேர்க்கக் கூடாது. கரைக்குக் கீழே குடியிருப்பு இருந்தால் கணக்கைப் பார்க்காமலே மறுகால் வேலை முதலிடத்துக்கு வர வேண்டும்.

கரையில் நடக்கும்போது வெளிப்புற அடியில் ஈரக்கசிவு இருந்தால், அந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்துப் பார்க்கவும். தெளிவாக இருந்தால் தொடர்ந்து கண்காணிக்கலாம். கலங்கி வந்து அடியில் மண் படிந்தால், கரையின் உள்ளிருந்து மண் அரித்து வருகிறது. பொறியாளருக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

சாக்கடை கலக்கும் குளம்

நகரத்தை ஒட்டிய குளங்களில் அமலைச் செடியை (ஆகாயத்தாமரையை) ஆண்டுதோறும் அள்ளுகிறார்கள். அடுத்த ஆண்டும் அது வருகிறது. கழிவுநீர் கொண்டுவரும் சத்து இருக்கும்வரை அது வரத்தான் செய்யும். அள்ளுவதற்கு ஆண்டுக்கு 4 லட்சம் என்றால், முடிவில்லாத அந்தச் செலவின் இன்றைய மதிப்பு எட்டு சதவீத வட்டியில் 50 லட்சம். சாக்கடையைத் தடுத்துத் திருப்ப 30 லட்சம் கேட்கும் திட்டம் விலை அதிகம் என்று ஒதுக்கப்படுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

நீரைச் சோதிக்க வாய்க்கால் முகம், குளத்தின் நடு, மடை ஆகிய மூன்று இடங்களில், சூரியன் எழுமுன் மாதிரி எடுக்க வேண்டும். பாசி நிறைந்த குளம் பிற்பகலில் ஆக்சிஜனைத் தானே உண்டாக்கி நல்ல எண்ணைக் காட்டும். விடியற்காலையில்தான் உண்மை தெரியும். குப்பியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிப் பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்கவும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிப்பதற்கு ஏற்ற நீருக்கு வைத்துள்ள வரம்பு, லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 5 மில்லிகிராம், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) அதிகபட்சம் 3 மில்லிகிராம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் நாட்டின் சட்டமாக ஏற்றது. எனவே கழிவுநீரின் மூலத்தை அடையாளம் கண்டு எழுதி வைப்பது பிறகு செலவைக் கேட்பதற்கும் ஆதாரமாகும்.

யாருக்கு நட்டம், எது விலைக்கு அப்பாற்பட்டது

மொத்தப் பயன் அதிகம் என்றாலும், அது யார் கைக்குப் போகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். மீன்பாசிக் குத்தகைதாரர் (குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்) மீன் பிடிக்கும் நேரத்தில் நீர் வற்ற வேண்டும் என்பார். கடைமடை விவசாயி கடைசிச் சொட்டையும் கேட்பார். குளத்துக்குள் பயிரிடுகிறவர் குளம் நிரம்பவே கூடாது என்பார். குத்தகை ஆவணத்தில் எந்த மட்டத்துக்குக் கீழே நீரை இறக்கக் கூடாது என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் ரூபாயில் விலை போட முயல்வது எனக்கு உடன்பாடில்லை. அவற்றை மீறக்கூடாத நிபந்தனையாகக் கணக்குக்கு வெளியே வைப்பதே சரி: கூடு இருக்கும் மாதங்களில் இயந்திரம் இறங்காது, குளத்துக்குள் நிற்கும் கருவை மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டக் கூடாது. தன் குளத்தில் என்னென்ன பறவைகள் வருகின்றன என்பதை, ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறவர்களிடம் கேட்டு அறியலாம்.

கடைசியாக, கிடைத்த விடையை உலுக்கிப் பார்க்க வேண்டும். செலவை ஒன்றரை மடங்காகவும் பயனைப் பாதியாகவும் மாற்றி மறுபடி கணக்கிட்டு, அப்போதும் முதலிடத்தில் நிற்கும் வேலையை மட்டும் தீர்மானமாக எழுதி, அளவுகளும் அனுமானங்களும் அடங்கிய தாளுடன் துறை அலுவலகத்தில் கொடுக்கவும். பங்குனிக்குள் கொடுத்தால்தான் ஆவணிக்குள் வேலை முடியும். புரட்டாசியில் தொடங்கிய மண்வேலை மழையோடு போய்விடும். மடைச் சுவரில் அடிக்கணக்குக் கோடுகளை வண்ணத்தில் வரைந்து, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வைக்க ஒருவரைப் பொறுப்பாக்கினால், அடுத்த கணக்கில் எத்தனை ஆண்டு நிரம்பியது என்ற கேள்விக்கு யாருடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டாம்.