ஃபோல்டர் திறந்தாலே கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? அது எதற்குக் காத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

மேலே பச்சைக் கோடு மட்டும் மெதுவாக ஊர்கிறது, உள்ளே ஒன்றும் வரவில்லை, பொறுமை இல்லாமல் இன்னும் நாலு கிளிக், உடனே ஜன்னல் வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நின்றுவிடுகிறது. பழைய டெஸ்க்டாப் இருக்கிற வீட்டில் இதைப் பார்த்ததும் யாராவது ஒருவர் 'ஃபார்மட் பண்ணிடுங்க' என்று சொல்லாமல் இருக்க மாட்டார். இப்போதைக்கு வேண்டாம். ஃபோல்டர்களைத் திறந்து காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் என்ற புரோகிராம் பெரும்பாலும் தானாகக் கெட்டுப்போவதில்லை, எதனிடமோ ஒரு பதிலைக் கேட்டுவிட்டு அது வரும்வரை காத்துக்கொண்டிருக்கிறது. அந்த 'எது' யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் சொல்வது விண்டோஸ் 7, விண்டோஸ் 10 இரண்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் வருகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் மாட்டிக்கொண்டிருப்பதை விடுவிக்கலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள், பழைய ஹார்ட் டிஸ்குக்கு அது நல்லதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10 என்றால் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' வரியைத் தேர்ந்தெடுத்து கீழே இருக்கும் ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் போதும். விண்டோஸ் 7-இல் ப்ராசஸஸ் டேபில் எக்ஸ்ப்ளோரரை எண்ட் செய்ய வேண்டும். டாஸ்க் பார், ஐகான் எல்லாம் மறைந்து வால்பேப்பர் மட்டும் தெரியும், பயப்பட வேண்டாம், அதே டாஸ்க் மேனேஜரில் ஃபைல் மெனு, நியூ டாஸ்க் போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஏதாவது காப்பி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அது பாதியில் அறுந்துவிடும்.

ஒரு ஃபோல்டர் சிக்கினால் டாஸ்க் பாரும் ஏன் சேர்ந்து சாகிறது என்றால், இரண்டையும் நடத்துவது அந்த ஒரே எக்ஸ்ப்ளோரர்தான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ டேபுக்குள் 'லாஞ்ச் ஃபோல்டர் விண்டோஸ் இன் எ செபரேட் ப்ராசஸ்' என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். கோளாறு தீராது, ஆனால் சிக்கும்போது மொத்த திரையும் சேர்ந்து உறையாது. கொஞ்சம் கூடுதலாக ராம் தின்னும்.

சரி, இப்போது ஒரு சின்ன சோதனை. கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளையை டைப் செய்கிற கறுப்பு ஜன்னல்) திறந்து, சிக்குகிற டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் போட்டு என்டர் தட்டி, அப்புறம் டி, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்தை அடியுங்கள். பட்டியல் மளமளவென்று கொட்டினால், பெயர்களையாவது டிஸ்க் ஒழுங்காகக் கொடுக்கிறது, சந்தேகம் எக்ஸ்ப்ளோரர் பக்கம் போகிறது. அங்கேயும் நின்று நின்று வந்தால் டிஸ்கையோ கேபிளையோதான் பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்த நேரத்தில் ஹேங் ஆகிறது என்று கவனியுங்கள். மை கம்ப்யூட்டரை (விண்டோஸ் 7-இல் 'கம்ப்யூட்டர்', விண்டோஸ் 10-இல் 'திஸ் பிசி') திறந்ததுமே என்றால், அது அங்கே காட்ட வேண்டிய ஒவ்வொரு டிரைவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது, ஒன்று பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். என் மாமா வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வைரஸ் ஸ்கேன் ஓட்டி, இரண்டு மூன்று சாஃப்ட்வேரைத் தூக்கி, கடைசியில் பார்த்தால் டிவிடி டிரைவுக்குள் கீறல் விழுந்த கல்யாண டிஸ்க் ஒன்று எத்தனை மாதமாகவோ கிடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைப் படிக்கப் பார்த்து டிரைவ் கிர்ர்ரென்று சுற்றியதை யாருமே காதில் வாங்கவில்லை, நான் உட்பட. அதனால் டிஸ்க், பென் டிரைவ், கார்டு ரீடர், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு தடவை பாருங்கள். எப்போதோ இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து மேப் செய்து வைத்த நெட்வொர்க் டிரைவ் சிவப்புப் பெருக்கல் குறியோடு நின்றால் ரைட் கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள், இல்லாத கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டிருப்பதும் அடிக்கடி இதே கதையாக முடியும்.

குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் மட்டும் என்றால் பெரும்பாலும் தம்ப்நெயில். போனிலிருந்து கொட்டிய ஆயிரக்கணக்கான போட்டோ, பாதியில் நின்ற டவுன்லோட் வீடியோ, இவை ஒவ்வொன்றுக்கும் சின்னப் படம் தயாரிக்க எக்ஸ்ப்ளோரர் உள்ளே போய்ப் பார்க்கிறது. உடைந்த வீடியோ ஒன்று இருந்தால், அதிலும் வீடியோ ஓடுவதற்காக என்று பழைய கோடெக் பேக் எதையாவது போட்டு வைத்திருந்தால், அங்கேயே உட்கார்ந்துவிடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' டிக் செய்து பாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் பச்சைக் கோட்டோடு இழுத்தால், அதன் ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் டேபில் 'ஆப்டிமைஸ்' என்ற இடத்தில் பிக்சர்ஸ் என்று இருந்தால், அதை ஜெனரல் ஐட்டம்ஸ் ஆக்குங்கள். பக்கத்தில் ஃபைலின் உள்ளே இருப்பதைக் காட்டும் ப்ரிவியூ பேன் திறந்திருந்தால் ஆல்ட், பி அழுத்தி மூடிவிடுங்கள். விண்டோஸ் 10-இல் ஜன்னல் திறக்கும்போதே இழுத்தால் குவிக் ஆக்சஸில் சேர்ந்திருக்கும், நாம் முன்பு திறந்த ஃபைல்களின் பட்டியல் காரணமாக இருக்கலாம். ஆப்ஷன்ஸில் ஜெனரல் டேபில் க்ளியர் கொடுத்து, திறக்கும் இடத்தை 'திஸ் பிசி' என்று மாற்றிவிடுங்கள்.

ரைட் கிளிக் செய்யும்போது மட்டும் உறைந்தால் அது வேறு சங்கதி. ஜிப் சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸ், க்ளவுட் ஸ்டோரேஜ் என்று நாம் போட்ட ஒவ்வொன்றும் ரைட் கிளிக் மெனுவில் ஒரு வரியைச் செருகிவைக்கும். மெனு விரியும் முன் எக்ஸ்ப்ளோரர் அத்தனையையும் கேட்டுவிட்டுத்தான் விரிக்கும். நிர்சாஃப்ட்டின் ஷெல்எக்ஸ்வியூ என்ற சின்ன இலவச புரோகிராம் இதற்கென்றே இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் என்றால் 64 பிட் பதிப்பையே எடுங்கள். மைக்ரோசாஃப்ட்டுடையது அல்லாதவை இளஞ்சிவப்பு நிறத்தில் தெரியும், அவற்றை எல்லாம் தேர்ந்து எஃப்7 அழுத்தி முடக்குங்கள், எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் பாதியை எஃப்8 அழுத்தித் திரும்பக் கொண்டுவாருங்கள், மறுபடி ஹேங் ஆனால் குற்றவாளி அந்தப் பாதிக்குள் இருக்கிறான். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் முப்பது இருந்தாலும் ஐந்து சுற்றில் பிடித்துவிடலாம்.

எல்லா இடத்திலும், பிரவுசர் திறந்தாலும்கூட நின்று நின்றுதான் வருகிறது என்றால் ஹார்ட் டிஸ்கைச் சந்தேகப்பட வேண்டும், இங்கேதான் அவசரம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் டேபில் ரெஸ்பான்ஸ் டைம் பாருங்கள்; வேறு பெரிய வேலை எதுவும் ஓடாதபோதும் அது ஆயிரக்கணக்கான மில்லி செகண்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தால் நல்ல அறிகுறி இல்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்கின் நிலையை நிறத்தில் சொல்லும், நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முடிந்த கதை. பழுதான செக்டார்களை (டிஸ்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) எண்ணும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன் என்று திரும்பக் கிடைக்காததை முதலில் வேறு டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி. டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் டேபில் எரர் செக்கிங் இருக்கும், விண்டோஸ் 7-இல் அதில் இரண்டு டிக் பெட்டி வரும். 'பேட் செக்டார்ஸ்' என்று சொல்கிற இரண்டாவதை பேக்கப் எடுக்கும் முன் தொடவே கூடாது, அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் தேய்த்துப் படிக்கும், சாகப்போகிற டிஸ்க் அதிலேயே செத்துப்போகலாம்.

பேக்கப் கையில் வந்த பிறகு டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி வேறு ஒன்று மாட்டிப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும். அப்படியும் எண் ஏறினால் அதே கேபிளில் மாட்டுகிற, சுழலும் தட்டு இல்லாத சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், பழைய டிஸ்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். பத்து வருட மதர்போர்டிலும் அது வேலை செய்யும், சின்ன சைஸே போதும். புதிதாக விண்டோஸ் போடும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் முடிந்துவிட்டது. போட்டோ பார்க்க, பாட்டுக் கேட்க, பிரிண்ட் எடுக்க என்றால் அதுவே இருக்கட்டும், பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள்.