இஞ்சி போட்டால் பால் ஏன் திரிகிறது? பனிக்காலப் பானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையில் குளிர் என்பது பெரும்பாலும் ஈரம்தான். மார்கழி விடியலில் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். மலை ஊர்களோடு ஒப்பிட்டால் அது குளிரே இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய சுவரும், சம்பா வயல் மேல் இறங்கும் பனியும் சேர்ந்தால் மூக்கு அடைக்கிறது, தொண்டை கரகரக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் போடும் ஒரு தம்ளர் சுக்கு மல்லி காபியோ மஞ்சள் பாலோ தரும் இதம் பெரிது. சாமான்கள் எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கின்றன. கெடுவது வரிசையில்தான். எதை முதலில் போடுவது, எதை அடுப்பை அணைத்த பிறகு போடுவது என்பதில் கோட்டை விடுகிறோம்.

இஞ்சியையே எடுத்துக்கொள்வோம். பாலை அடுப்பில் வைத்து, அது சூடாகிக்கொண்டிருக்கும்போதே இஞ்சியைத் தட்டிப் போடுகிறோம். கொஞ்ச நேரத்தில் பால் திப்பி திப்பியாகத் திரிந்துவிடுகிறது. பழி பால்காரர் மேல் விழுகிறது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பால் கொதிநிலைக்கு ஏறும் வழியில், 60, 70 டிகிரியைத் தாண்டும் நேரத்தில், அந்த நொதி சுறுசுறுப்பாக வேலை செய்து பாலை உறைய வைக்கிறது. சீனாவின் தெற்குப் பகுதியில் இதே குணத்தை வைத்து, இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றித் தயிர் போல ஓர் இனிப்பே செய்கிறார்கள். நமக்கு வேண்டியது உறையாத பால். எனவே இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டு நாலைந்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். கொதியில் நொதி செயலிழந்துவிடும். அப்புறம் தேயிலை, அதற்கும் அப்புறம் ஏற்கெனவே காய்ச்சிய பால். இந்த வரிசை தப்பாமல் இருந்தால் பால் திரியாது.

வெல்லமும் கருப்பட்டியும் பாலைத் திரிய வைப்பதற்குக் காரணம் வேறு. வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மை இருக்கிறது. கொதிக்கிற பாலில் அது விழுந்தால் பால் முறியும். அடுப்பை அணைத்து, பால் சற்று அடங்கியதும் போட்டுக் கலக்க வேண்டும். கருப்பட்டியை நேராகப் போடவே கூடாது. மண்ணும் தூசியும் அடியில் தங்கும். கால் தம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அந்தப் பாகைக் கடைசியாக ஊற்றுங்கள். பால் சேராத சுக்குத் தண்ணிக்கு இந்தக் கவலை இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருப்பட்டி போட்டால் சர்க்கரை நோயாளிகள் எத்தனை தம்ளர் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். என் உறவிலேயே அப்படி நம்பி, மழைக்காலம் முழுக்கக் காலையும் மாலையும் குடித்து, ரத்தச் சர்க்கரை ஏறித் தவித்தவர் உண்டு. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான். மணமும் சில தாதுக்களும் கூடுதலாக இருக்கலாம், இனிப்பு இனிப்பாகத்தான் ரத்தத்தில் சேரும்.

சுக்கு மல்லிப் பொடியில் நடக்கும் பெரிய தவறு, சுக்கை அள்ளிப் போடுவது. காரம் ஏறினால் சளி இறங்கும் என்ற எண்ணம். வயிறுதான் எரியும். 100 கிராம் மல்லிக்கு 50 கிராம் சுக்கு, ஒரு மேசைக்கரண்டி மிளகு, நாலைந்து ஏலக்காய் போதும். மல்லியை மணம் வரும்வரை லேசாக வறுத்தால் சரி. சிவந்துவிட்டால் கசக்கும். சுக்கின் தோலைச் சுரண்டாமல் இடிப்பதும் தவறு. 'சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடைக்கு வரும் சுக்கில் வெள்ளைப்பூச்சுடன் இருப்பது சுண்ணாம்பில் தோய்த்தது. அதையாவது கட்டாயம் சுரண்டி, துடைத்து எடுங்கள். துளசி சேர்ப்பதாக இருந்தால் இறக்கும்போது போட்டு மூடி வையுங்கள். முதலிலேயே போட்டுக் கொதிக்க விட்டால் அதன் வாசனை ஆவியோடு போய்விடும்.

மஞ்சள் பாலுக்குக் கால் தேக்கரண்டி மஞ்சள் தாராளம். பால் பொங்கியதும் போட்டு இரண்டு நிமிடம் சிறுதீயில் விட்டால்தான் பச்சை வாசம் போகும். மிளகை விட்டுவிடாதீர்கள். 1998-இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வு ஒன்றில், மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தபோது மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் கலப்பது பல மடங்கு கூடியது. அவர்கள் பயன்படுத்தியது பிரித்தெடுத்த குர்குமின், நம் அடுப்படித் தூள் அல்ல. ஆனாலும் மஞ்சளோடு மிளகைச் சேர்த்த நம் வீட்டு வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. தொண்டைக்கு இதம் என்று அதிமதுரத்தை இந்தப் பாலில் தினமும் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தொடர்ந்து எடுத்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். இரண்டு மூன்று நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் தொடவே வேண்டாம்.

கும்பகோணத்துப் பக்கம் பிறந்துவிட்டுக் காபியைச் சொல்லாமல் போக முடியாது, ஆனால் தவறு ஒன்றுதான். இறங்கிய டிகாக்‌ஷனை மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், கசந்துவிடும். பாலின் சூடு மட்டுமே காபிக்குப் போதும்.

ரசத்தைப் பானமாகச் சேர்க்கலாமா என்று கேட்டால், எங்கள் வீட்டில் மழை நாளில் சோற்றுக்கு முன்னால் தம்ளரில் வருவது மிளகு ரசம்தான். புளியின் பச்சை வாசம் போகக் கொதித்த பிறகு பருப்புத் தண்ணீர் விட்டுவிட்டால், அதற்கு மேல் கொதி கூடாது. மேலே நுரை கட்டி வரும்போதே இறக்க வேண்டும். பொங்கிக் கொதித்த ரசத்தில் வெறும் புளிப்பும் காரமும்தான் மிஞ்சும், மணம் இருக்காது.

தஞ்சாவூர், கும்பகோணம் வீடுகளில் இதற்கு ஈயச்சொம்பு வைப்பார்கள். காலியான ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்புவது போன்ற தவறு வேறில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, அதனால்தான் அது தாங்குகிறது. என் அத்தையின் சீர்ச்சொம்பு அப்படித்தான் ஒரு கார்த்திகை மாதம் அடி உருகிப் போனது. நான்தான் அடுப்பை மூட்டினேன், இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. முதலில் ரசக் கரைசல், பிறகு நெருப்பு, அதுவும் தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறாமல். வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கிறது. காரீயம் விஷம். புளி அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தேகமான சொம்பை வாங்குவதைவிட எவர்சில்வரில் வைப்பது மேல்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் நல்லதல்ல. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. டவராவில் நாலு முறை ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கம் எவ்வளவு நல்லது பாருங்கள். தேனும் ஆறிய பிறகுதான். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை விரலில் தொட்டும் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

கடைசியாக, பொடி டப்பா. அடைமழையில் ஈரக் கரண்டி ஒரு முறை பட்டால் போதும், பொடி கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். மேலே உள்ளதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன கண்ணாடி பாட்டிலில் வெளியே வைத்து, மற்றதை இறுக மூடி வைக்கலாம். மழை விட்டு வெயில் தலைகாட்டும் ஒரு நாளில் சுக்கையும் மல்லியையும் முறத்தில் காய வைத்து இடித்துக்கொண்டால் தை வரைக்கும் வரும்.